சொல் புரியாத அமைதி

‘எனிக்மா’வின் முதல் இசைத்தொகுப்பைக் கேட்டவர்களிடம் அது எப்படி இருந்தது என்று விசாரித்தால், பெரும்பாலானோர் இசையைப் பற்றிப் பேசுவதில்லை. தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டேன், எங்கோ போய்விட்டேன், மனம் லேசானது, இருட்டான ஒரு பழைய தேவாலயத்துக்குள் தனியாக நிற்பதுபோல் இருந்தது என்கிறார்கள். பக்தியும் காமமும் ஒன்றாகக் கலந்த மாதிரி இருந்தது என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொல்பவர்களும் உண்டு. அதில் என்னதான் பாடுகிறார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் சின்னத் தயக்கம் வருகிறது. பிறகு பதில்: “அது தெரியாது. தெரியாததுதான் நல்லா இருக்கு.”

இந்தப் பதிலைக் கேலி செய்வது எளிது. நான் அதைக் கேலி செய்யப் போவதில்லை. இதில் ஒரு அறக்கேள்வி இருப்பதாக நினைக்கிறேன். ஒரு குரல் நமக்கு அமைதி தருகிறது. அந்தக் குரல் என்ன சொல்கிறது, யாருடையது என்று தெரியாமல் இருப்பதே அந்த அமைதிக்கு நிபந்தனையாகவும் இருக்கிறது. அப்படியானால் அந்த அமைதியை என்னவென்று சொல்வது?

முதலில் தொகுப்பைப் பற்றி. பெயர் ரோமானிய எண்களில் 1990 என்ற ஆண்டு. வெளியானதும் அந்த ஆண்டின் டிசம்பரில்தான். உருவாக்கியவர் ருமேனியாவில் பிறந்து ஜெர்மனியில் தொழில் செய்த மைக்கேல் க்ரெட்டு. இபிசா தீவில் இருந்த அவருடைய சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நடந்தது. கிரிகோரியன் பாடல் எனப்படும் கத்தோலிக்கத் துறவிகளின் பழைய லத்தீன் துதிப்பாடல், அதன் அடியில் நடனக்கூடத்தின் நிதானமான தாளம், சிந்தசைசரில் சேமித்து வைத்த ஜப்பானிய ஷகுஹாச்சிக் குழலின் ஓசை, இவற்றுக்கு நடுவே பெண் ஒருத்தியின் மூச்சும் கிசுகிசுப்பும். தொகுப்பின் தொடக்கத்திலேயே ஒரு பெண்குரல் நம்மிடம் பேசி, விளக்கை அணைத்துவிட்டு மூச்சை இழுத்துவிட்டு ஓய்வாக இருக்கச் சொல்கிறது. ஆக, கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்பவர் தன் அனுபவத்தை மட்டும் சொல்லவில்லை, கொடுக்கப்பட்ட அறிவுரைப்படியும் நடந்திருக்கிறார்.

அதன் முதல் பாட்டின் பெயர் ‘சேட்னெஸ்’. துயரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் செருகி, பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் மார்க்கி த சாதின் பெயர் தெரியும்படி எழுதியிருந்தார்கள். இங்கிலாந்தில் வெளியிட்டபோது அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே வாங்கியவர்களுக்கு அது வெறும் துயரம். 1991 ஜனவரியில் அங்கே முதலிடத்துக்குப் போனது. ஜெர்மனியிலும் இன்னும் பல நாடுகளிலும் அதுவே நடந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இந்தத் தொகுப்பு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் இடம்பிடித்திருந்தது. கடைகளில் இதை நடன இசையோடு வைப்பதா, ‘நியூ ஏஜ்’ அலமாரியில் தியான இசையோடு வைப்பதா என்று குழப்பம். இரண்டிலும் வைத்தார்கள், இரண்டிலும் விற்றது. பின்னாளில் யோகா வகுப்பிலும் மசாஜ் நிலையத்திலும் நாம் கேட்டுப் பழகிய ‘மந்திரம் போன்ற’ பின்னணி ஓசைக்கு இது ஒரு முன்னோடி.

எல்லோரும் கண்ணை மூடிவிடவில்லை. கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். திருச்சபை வட்டாரங்களில் பலருக்கு, வழிபாட்டுப் பாடலைப் பெண்ணின் முனகலோடு சேர்த்தது புனிதத்தைக் கெடுத்த செயலாகப் பட்டது. பாடகர் குழுவுக்கும் கோபம் வந்தது. அந்த லத்தீன் குரல்கள் ஏதோ மடத்தில் நள்ளிரவில் பதிவு செய்தவை அல்ல. கொன்ராட் ரூலாண்ட் நடத்திய ‘கபெல்லா அண்டிகுவா மூன்சென்’ என்ற மியூனிக் நகரப் பழமையிசைக் குழு 1976-இல் வெளியிட்ட, ஈஸ்டர் காலப் பாடல்கள் அடங்கிய இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகள். இசைத்தொழிலில் இதை ‘சாம்பிள்’ என்பார்கள். தங்கள் குரலைச் சிதைத்து, தங்கள் ஆளுமை உரிமையை மீறிவிட்டார்கள் என்று வழக்கு வந்தது. இழப்பீடு கொடுத்து அது தீர்க்கப்பட்டது.

திருச்சபை, கடவுளுக்கு நேர்ந்த அவமதிப்பைக் கணக்கிட்டது. பாடகர்கள் தங்களுக்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட்டார்கள். இரண்டும் நியாயமான கணக்குகள்தான். இரண்டிலும் ஆண்குரலே பாதிக்கப்பட்ட தரப்பு, பெண்ணின் மூச்சு அதைப் பாதித்த பொருள். பக்கத்தில் வந்து மூச்சுவிட்டதுதான் அவள் செய்த குற்றம்.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. சபையில் பெண்கள் பேசாமல் அடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டளை கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலேயே இருக்கிறது. பாடுவதும் பேசுவதில் சேர்த்தியா என்பது பல நூற்றாண்டு விவாதம். ஆனால் நடைமுறையில் ஆலயத்தின் பாடகர் குழுவில் பெண்ணுக்கு இடமில்லை. உச்சக் குரல் தேவைப்பட்டால் சிறுவர்கள் பாடினார்கள். ஒரு காலத்தில், குரல் உடையாமலிருக்கக் காயடிக்கப்பட்ட ஆண்கள் பாடினார்கள். பெண்ணைப் பாடவிடுவதைவிட ஒரு சிறுவனைக் காயடிப்பது எளிதாக இருந்திருக்கிறது. 1903-இல்கூடப் போப் பத்தாம் பயஸ், பாடகர் செய்வது திருவழிபாட்டுப் பணி, அதற்குப் பெண்கள் உரியவர்கள் அல்லர் என்று எழுதினார். கன்னிமடங்களில் பெண்கள் பாடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிங்கனின் ஹில்டேகார்ட் பாட மட்டுமல்ல, எழுதி இசையமைக்கவும் செய்தார். சபையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரைத் தன் மடத்து மண்ணில் அடக்கம் செய்தார் என்பதற்காக 1178-இல் மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் அவரைத் தண்டித்தபோது, தேர்ந்தெடுத்த தண்டனைகளில் ஒன்று அந்த மடத்துப் பெண்கள் பாடக்கூடாது என்பது. ஹில்டேகார்ட் வாயை மூடிக்கொண்டாரே தவிர எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. கடவுளைப் புகழும் பாட்டை நியாயமின்றி நிறுத்துபவர்களுக்கு விண்ணகத்தில் வானதூதரின் பாட்டில் பங்கு கிடைக்காது என்று கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு தடை நீங்கியது.

இந்த வரலாற்றுக்குப் பிறகு 1990-இல் அந்தத் துதிப்பாடலுக்குப் பக்கத்தில் ஒரு பெண்குரல் ஒலிக்கிறது. பல கோடி செவிகளுக்குப் போய்ச் சேர்ந்த ஒலிப்பதிவு. அதில் அவளுக்குக் கிடைத்த வேலை பெருமூச்சு. ஆண்களின் கூட்டுக்குரல் ஆன்மாவாகவும் அவளுடைய ஒற்றை மூச்சு உடலாகவும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ‘புனிதமும் பாவமும் சந்திக்கும் இசை’ என்று புகழ்ந்தவர்கள் யாரும் எது புனிதம், எது பாவம் என்று தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை. கேட்டவுடன் எல்லோருக்கும் விளங்கியது.

அந்தக் குரலுக்கு உரியவர் சாண்ட்ரா. அப்போது க்ரெட்டுவின் மனைவி. ஆனால் அதற்கு முன்பே ஐரோப்பாவில் பெயர் பெற்ற பாப் பாடகி. மரிய மதலேனாளாக நான் ஒருபோதும் ஆக மாட்டேன் என்ற பொருளில் தலைப்பிட்ட பாட்டுதான் 1985-இல் அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. (ஐந்து ஆண்டுகளில் துறவிகளின் பாட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாத்திரத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.) எனிக்மா வெளிவந்தபோது யார் பாடியது, யார் செய்தது என்ற விவரங்களை க்ரெட்டு வேண்டுமென்றே மறைத்தார், தன் பெயரையும் புனைபெயருக்குள் ஒளித்தார். முன்முடிவு இல்லாமல் கேட்கட்டும் என்பது நோக்கம். இருவர் பெயரும் மறைந்தது என்பதால் இருவரும் சமம் என்று ஆகிவிடாது. அவர் மறைந்தபோது ‘மர்மமான படைப்பாளி’ ஆனார். சாண்ட்ரா மறைந்தபோது ‘ஒரு பெண்ணின் மூச்சு’ ஆனார்.

ஆனால் என்னை உலுக்கியது இது அல்ல. அந்தக் கிசுகிசுப்பு வெறும் மூச்சு அல்ல. அது பிரெஞ்சு மொழியில் பேசுகிறது. கேள்வி கேட்கிறது. சாதை நேருக்கு நேராக அழைத்து, நீ தேடுவதுதான் என்ன, தீமையின் வழியாக நன்மையையா என்று கேட்கிறது. கடவுளுக்கு எதிரானவன் மனிதருக்கும் எதிரானவன் ஆகிவிட மாட்டானா என்கிற அளவுக்குப் போகிறது. தெய்வத்தன்மையா, பேய்த்தன்மையா, உன்னிடம் இருப்பது எது என்று முடிக்கிறது. அந்தப் பாட்டில் அறம் சார்ந்த கேள்வி ஒன்று உண்டென்றால் அதைக் கேட்பது அவள் மட்டுமே. துறவிகள் கேட்கவில்லை. அவர்கள் பாடுவது குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்கான பாட்டு: அமைதியோடு புறப்படுவோம், வானதூதரோடும் குழந்தைகளோடும் நாமும் விசுவாசிகளாகக் காணப்படுவோம் என்கிற பொருளில் வருவது. அதோடு, மகிமையின் அரசர் உள்ளே வரும்படி வாயில்களை உயர்த்தச் சொல்லும் சங்கீத வரிகள். பிரெஞ்சு தெரியாத கோடிக்கணக்கான செவிகளில் அவளுடைய கேள்வி முனகலாகவும், லத்தீன் தெரியாத அதே செவிகளில் ஊர்வலப் பாட்டு தியானமாகவும் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கேள்வியில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தத்துவம், சுதந்திரம், எல்லை மீறல் என்ற சொற்களோடுதான் நமக்கு சாத் அறிமுகமாகிறார். 1768 ஏப்ரல் 3-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, பாரிஸின் ஒரு சதுக்கத்தில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த ரோஸ் கெல்லர் என்ற விதவையை, வீட்டுவேலை தருவதாகச் சொல்லி ஆர்குயில் ஊரிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அறையில் அடைத்துச் சவுக்கால் அடித்தார். அவள் ஜன்னல் வழியாக இறங்கித் தப்பி, அந்த ஊர்ப் பெண்களிடம் உடலைக் காட்டி, அதிகாரிகளிடம் வாக்குமூலம் கொடுத்தாள். சாதின் குடும்பம் அவளுக்கு 2,400 லிவர் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெறச் செய்தது. சில மாதச் சிறைக்குப் பின் அவர் வெளியே வந்தார்.

பெண்ணியச் சிந்தனைக்குள் சாதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. சிமோன் த பொவார், சாதின் எழுத்தை எரித்துவிட வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஐம்பதுகளின் தொடக்கத்தில் நீண்ட கட்டுரை எழுதினார்; அவரைப் படிக்க வேண்டும் என்ற பக்கமே நின்றார். ஏஞ்சலா கார்ட்டர் எழுபதுகளின் இறுதியில், பெண்ணின் காமத்தைப் பிள்ளைப்பேற்றிலிருந்து பிரித்துப் பார்த்தவர் என்ற வகையில் சாதோடு உரையாடினார். ஆண்ட்ரியா ட்வார்க்கின் 1981-இல் வந்த தன் நூலில் ரோஸ் கெல்லரிடம் திரும்பிப் போனார். சாதின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் எப்படி வரிசையாக அவளைச் சந்தேகித்தார்கள், அடித்ததைச் சில்லறை விஷயமாக்கினார்கள், பணம் வாங்கியதை அவளுக்கு எதிராகவே திருப்பினார்கள் என்று காட்டினார். ட்வார்க்கினின் முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஒரு இடத்தில் அவர் செய்தது எளிய வேலை: அறையில் இன்னொருவரும் இருந்தார் என்று நினைவூட்டியது.

ஈஸ்டர் காலப் பாடல்களின் இசைத்தட்டு ஒன்று. அதிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகளோடு, ஈஸ்டர் ஞாயிறன்று ஒரு ஏழைப் பெண்ணைச் சவுக்கால் அடித்த மனிதரின் பெயர். இந்தப் பொருத்தத்தை க்ரெட்டு திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை. மனம் லேசாவதற்காக அந்தப் பாட்டைப் போடுபவருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. அப்படியிருக்க, கேட்பவரிடம் எதைக் குற்றமாகச் சொல்வது?

எதையும் குற்றமாகச் சொல்ல நான் தயாராக இல்லை. குறிப்பாகப் பெண்களிடம். இந்த வகை இசையைப் பற்றி எழுதும் விமர்சகர்கள், பெரும்பாலும் ஆண்கள், அதை ‘குளியலறை இசை’ என்றும் ‘மெழுகுவத்தி இசை’ என்றும் ஏளனம் செய்வது வழக்கம். குளியலறையும் மெழுகுவத்தியும் யாரைக் குறிக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொகுப்பின் நீளம் ஏறத்தாழ நாற்பது நிமிடம். காதில் மாட்டிக்கொண்டு படுத்துவிட்டால் நாற்பது நிமிடத்துக்கு யாரும் கூப்பிடாத ஓர் இடம். குழந்தைக்குக் கதை சொல்லி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, அலுவலகத்தில் பாதியில் விட்ட மின்னஞ்சலுக்குப் பதில் எழுதி முடித்தவளுக்குச் சொற்கள் இல்லாத ஓசை தேவைப்படுகிறது. நாள் முழுவதும் அவளை நோக்கி வந்த சொற்கள் எல்லாம் ஏதோ ஒன்றைச் செய்யச் சொன்னவை. புரியாத மொழி அவளிடம் எதையும் கேட்பதில்லை. பொருளில் இருந்து விடுதலை என்பது ஆடம்பரம் அல்ல, சில சமயம் அது மருந்து. அதை எடுத்துக்கொள்ளும் பெண்ணிடம் போய், நீ கேட்பது ஆணாதிக்க இசை என்று சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

புரியாமையிலேயே தவறு இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. நாம் சமஸ்கிருத மந்திரம் புரியாமல் கோயிலில் கண்கலங்கி நின்றவர்கள். புரிந்துகொள்ளாமல் கேட்பது ஒரு நிலை. புரிந்துகொள்ள மறுப்பது வேறு நிலை. முன்னதில் அறக்கேள்வி எதுவும் இல்லை. விவரம் தெரிய வந்த பிறகு கேட்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அது தொடங்குகிறது. “என் பாட்டைக் கெடுக்காதே” என்று ஒருவர் சொல்லும்போது, அதில் ‘என்’ என்ற சொல் எதன்மேல் உரிமை கொண்டாடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சொல்லே இல்லாமல் பாடுவதிலும் தவறு இல்லை. இதற்கு ஷீலா சந்திராவை நினைக்கிறேன். லண்டனில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பாடகி. 1982-இல் ‘மான்சூன்’ குழுவோடு பாப் உலகில் பெயர் பெற்று, பின்பு தன் குரலையும் தம்புரா போன்ற தொடர் சுருதியையும் மட்டும் வைத்துத் தனித்தொகுப்புகள் செய்தார். 1992-இலும் 1994-இலும் வந்த இரண்டு தொகுப்புகளில் நம் கொன்னக்கோலை எடுத்துக்கொண்டு பாடியிருக்கிறார். தகதிமி என்று வரும் அசைகளுக்கு அகராதிப் பொருள் கிடையாது. கச்சேரி மேடையில் நெடுங்காலம் ஆண்களின் வித்தையாகவே இருந்த அதை அவர் எடுத்து வேகத்தைக் கூட்டி, நடுவில் பேச்சுத்தொனியைக் கலந்து, ஒருவரை யாரோ திட்டுவதுபோலவும் கொஞ்சுவதுபோலவும் ஆக்குகிறார். அவரும் கடைகளில் அதே தியான அலமாரியில்தான் வைக்கப்பட்டார். ஆனால் அங்கே பொருளில்லாமையைத் தேர்ந்தெடுத்தது பாடுகிறவரே. 1996-இல் வந்த தொகுப்பின் பெயரில் கிழவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தார். பெண்குரல் என்றால் இளமை என்று எதிர்பார்க்கும் சந்தைக்கு அது உவப்பான சொல்லாக இருந்திருக்காது. பின்னாளில், வாயில் எரிச்சலை உண்டாக்கும் ஒரு நோய் வந்து அவரால் பாட முடியாமல் போனது.

எனிக்மா விற்ற விற்பனையைப் பார்த்து, 1992-இல் பிரான்சிலிருந்து ‘டீப் ஃபாரஸ்ட்’ என்ற பெயரில் இன்னொரு தொகுப்பு வந்தது. துறவிகளுக்குப் பதில் ‘காட்டு மக்களின்’ குரல். அதன் புகழ்பெற்ற பாட்டு ‘ஸ்வீட் லல்லபை’, இனிய தாலாட்டு. ஆப்பிரிக்க மழைக்காடு, பிக்மி மக்கள் என்ற படிமங்களோடு தொகுப்பு விற்கப்பட்டது. அந்தத் தாலாட்டைப் பாடியவரோ ஆப்பிரிக்காவில் இல்லை. பசிபிக் கடலில் சாலமன் தீவுகளில், மலைத்தா தீவின் பைகு இனத்தைச் சேர்ந்த அஃபுனக்வா என்ற பெண். 1970-ஐ ஒட்டி ஹ்யூகோ ஸெம்ப் என்ற இசை ஆய்வாளர் அவரைப் பதிவு செய்தார். யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் அந்தப் பதிவு வந்தது. அங்கிருந்து வெட்டியெடுத்துத் தாளம் சேர்த்தார்கள். ஸெம்ப் பின்னர் இதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். ஸ்டீவன் ஃபெல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பாட்டு கைமாறிய கதையையே ஒரு கட்டுரையாக்கினார். நடுவில் நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் ஒருவர் அதே மெட்டை ‘பிக்மி தாலாட்டு’ என்று தலைப்பிட்டு வாசித்ததும் நடந்தது. மலைத்தாவில் பிறந்த மெட்டுக்குக் கிடைத்த ஆப்பிரிக்க முகவரி இப்படி உறுதியானது.

எனிக்மாவின் இரண்டாவது தொகுப்பிலும் இதே கதை. தைவானின் ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் என்பவரும் அவர் மனைவி இகேயும் பாடிய பாட்டு அதில் பெயர் சொல்லாமல் பயன்பட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் ஒலித்தது. வழக்குப் போட்டு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. இன்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் டிஃபாங்கின் பெயரைத் தவறாமல் சொல்கிறார்கள். அநீதியைத் திருத்திச் சொல்லும் கதையிலும் இகே பெரும்பாலும் ‘மனைவி’தான்.

அஃபுனக்வாவின் பாட்டு என்ன சொல்கிறது? அழும் தம்பியை மூத்த பிள்ளை சமாதானப்படுத்துகிறது. அழாதே, அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார், இறந்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டார் என்கிறது. தாயில்லாத தகப்பனில்லாத பிள்ளையை அவர்தான் காக்க வேண்டும் என்கிறது. தாலாட்டுக்குள் துக்கத்தை ஒளித்துவைப்பது நமக்குப் புதிதல்ல. நம் தாலாட்டுகளில் மாமன் மச்சான் பெருமைக்கு நடுவே பாடுகிறவளின் குறை எட்டிப் பார்ப்பதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அப்பா இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குத் தாயாகும் நிலை, பெரும்பாலும் அக்காக்களின் நிலை, நமக்கு விளக்கத் தேவையில்லை.

இசைக்குச் சொல் தேவையில்லை, உணர்வு எப்படியும் கடந்து வந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அழகான வாதம். ‘ஸ்வீட் லல்லபை’யைக் கேட்டவர்களின் எதிர்வினைகளோடு அது ஒத்துப்போகவில்லை. குழந்தைகளின் சிரிப்பு கேட்கிறது, மனிதகுலம் ஒன்று என்று தோன்றுகிறது, உற்சாகம் வருகிறது என்றே அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாடு நாடாகப் போய் நடனமாடும் ஒரு அமெரிக்க இளைஞரின் புகழ்பெற்ற காணொளிக்கு 2006-இல் இந்தப் பாட்டு பின்னணி ஆனது, பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. ஆனால் அது அஃபுனக்வாவிடமிருந்து வந்ததல்ல. தாளம் சேர்த்தவர்களிடமிருந்து வந்தது. அனாதைப் பிள்ளையின் துக்கம் எதுவும் கடந்து வரவில்லை. வராமல் இருக்கும்படிதான் அந்தப் பாட்டு செய்யப்பட்டிருக்கிறது.

முதுகலை மாணவிகளுக்கு ஒரு வகுப்பில் இந்தப் பாட்டை எதுவும் சொல்லாமல் போட்டேன். சுகமாக இருக்கிறது, மழை மாதிரி இருக்கிறது, பயணம் போகத் தோன்றுகிறது என்றார்கள். ஒருத்தி மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டின் பொருளைச் சொன்னேன். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. “சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம்,” என்றாள் முன்வரிசைப் பெண். அவள் கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ கையிலிருந்து போய்விட்ட மாதிரி சொன்னாள். தாளம் போட்டவள், “அப்போ அந்தப் பாட்டி பாடினது தனியா கிடைக்குமா?” என்று கேட்டாள். அஃபுனக்வாவின் வயதை நான் சொல்லவே இல்லை. அவளாகவே பாட்டியாக்கிக்கொண்டாள்.

ஸெம்ப் பதிவு செய்ததைப் போட்டேன். வாத்தியம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பெண்குரல், அலங்காரம் இல்லாத, கிட்டத்தில் இருக்கும் யாருக்கோ பாடுகிற குரல். தொடங்கிய வேகத்தில் முடிந்துவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றாள் ஒருத்தி.

“இன்னொரு தடவை போடுங்க மேடம்,” என்றாள் முன்வரிசைப் பெண்.